விண்வெளிப் படையா, பேக்-மேன் குடும்பமா: ஒரே ஒரு பின்பால் மேசையைத் தேர்ந்தெடுத்தல்

காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களின் பெயரைத் தாங்கி வந்த, எஃகுக் குண்டைத் தட்டி ஆடும் பின்பால் மேசைகளில் ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றால் எதை வைப்பது? பழைய மேசைகளைத் தேடி வாங்குவோர் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பெரும்பாலானோர் சிறுவயதில் தாங்கள் விரும்பி ஆடிய வீடியோ கேமின் பெயரைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அது பிழையான வழி என்பது என் எண்ணம். பெயர் ஒன்றாக இருந்தாலும், மூல விளையாட்டிலிருந்து மேசைக்கு வந்து சேர்ந்தது என்ன என்பது மேசைக்கு மேசை வேறுபடுகிறது. சிலவற்றில் ஓவியம் மட்டுமே வந்திருக்கிறது. சிலவற்றில் விளையாட்டின் உயிரே வந்திருக்கிறது.

ஒப்பிட எடுத்துக்கொள்பவை மூன்று: 1980-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1982-இல் வந்த மிஸ்டர் அண்ட் மிஸஸ் பேக்-மேன், அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த பேபி பேக்-மேன். மூன்றும் சிகாகோவைச் சேர்ந்த பேலி நிறுவனத்தின் தயாரிப்புகள். பேலியின் கையில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானின் டைட்டோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸையும் நாம்கோ உருவாக்கிய பேக்-மேனையும் அமெரிக்காவில் தயாரித்து விற்கும் உரிமையைப் பெற்றிருந்த மிட்வே, பேலிக்குச் சொந்தமான நிறுவனம். அந்த வீடியோ கேம்கள்தாம் பின்பால் மேசைகளுக்குள் விழ வேண்டிய நாணயங்களையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன. ஆக, தன்னை வீழ்த்திக்கொண்டிருந்தவனின் பெயரையே நெற்றியில் எழுதிக்கொண்டு பின்பால் மேசை களத்தில் இறங்கியது.

பெயர் மாற்றம் எளிது. விளையாட்டு மாற்றம் எளிதன்று. சுமார் ஆறரைப் பாகை சாய்வுள்ள மரப்பலகை, 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு, அது கீழே விழுந்துவிடாமல் தட்டியெறிய, பொத்தானை அழுத்தினால் அசையும் ஃபிளிப்பர்கள் என்னும் சிறு துடுப்புகள். பின்பால் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். வீடியோ கேமில் திரையிலிருக்கும் உருவம் நம் சொல்லைக் கேட்கும்: இடப்பக்கம் என்றால் இடப்பக்கம், நில் என்றால் நிற்கும். பின்பாலில் குண்டு யார் சொல்லையும் கேட்பதில்லை. கைக்கு எட்டிய தொலைவில் வரும்போது அதை ஒரு தட்டுத் தட்டலாம், அவ்வளவே. பேக்-மேனை ஆடுபவர் தாமே பேக்-மேனாகிவிடுகிறார். பின்பால் ஆடுபவரோ குண்டாக மாறுவதில்லை. குண்டின் பின்னால் ஓடுபவராகவே கடைசிவரை இருக்கிறார். இந்த இடைவெளியை ஒரு மேசை எப்படிக் கடக்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மேசை இந்த இடைவெளியைக் கடக்க முயலவே இல்லை. டோமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய மூல விளையாட்டில் வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகள், மொத்தம் 55 படையெடுப்பாளர்கள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்குவார்கள். அவர்களைச் சுட்டுக் குறைக்கக் குறைக்க, திரையில் வரைய வேண்டியவை குறைவதால் செயலியின் சுமை இறங்கி, மீதமுள்ளவர்கள் விரைவார்கள். கூடவே நான்கு கனத்த சுரங்கள் இதயத் துடிப்பைப் போல் வேகமெடுக்கும். கருவியின் குறைபாட்டிலிருந்து பிறந்த அந்தப் பதற்றமே விளையாட்டின் உயிர். மேசையில் அந்த வரிசைகள் இல்லை. இறங்கிவரும் அச்சமும் இல்லை. ஒலி ஓரளவுக்குப் பழைய நினைவைக் கிளறும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பால் ஃபாரிஸ் தீட்டிய ஓவியத்திலிருப்பதும் திரையில் நாம் பார்த்த குட்டிப் பூச்சி உருவங்கள் அல்ல; 1979-இல் வெளிவந்த ஏலியன் திரைப்படத்தின் அரக்கனுக்கு உடன்பிறப்போ என்று எண்ண வைக்கும் நீண்ட மண்டையுள்ள உருவம்.

ஆனால் இதைக் குறையாகச் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஜிம் பட்லா வடிவமைத்த இந்த மேசை, பெயரை மறைத்துவிட்டு ஆடினாலும் நல்ல பின்பால். வழக்கத்தைவிட அகலமான ஆடுதளம் இருப்பதால் குண்டு பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடுகிறது. மேசையின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியின் ஓவியம் தீட்டிய பின்கண்ணாடியில் விளக்குகளின் வரிசை ஒன்றுக்குப் பின் ஒன்றாக முடிவில்லாமல் உள்ளே போவதுபோல் தோன்றும்படி கண்ணாடிகளை எதிரெதிரே அமைத்திருக்கிறார்கள்; இருட்டறையில் அதைப் பார்ப்பவர் ஆடத் தொடங்கும் முன்னரே அரை நிமிடம் நின்றுவிடுவார். 11,400 மேசைகள் தயாரிக்கப்பட்டன என்பதால் மூன்றில் எளிதாகக் கிடைப்பதும் இதுவே. நல்ல பின்பால் மேசை வேண்டும், அதில் பழைய வீடியோ கேமின் வாசனை கொஞ்சம் இருந்தால் போதும் என்பவர் இந்தப் பத்தியோடு நின்றுகொண்டு, அகலமான பெட்டி நுழையுமா என்று வீட்டுக் கதவை அளக்கப் போகலாம்.

மிஸ்டர் அண்ட் மிஸஸ் பேக்-மேன் வேறு வழியில் போகிறது. தோரு இவாடானியின் 1980-ஆம் ஆண்டு விளையாட்டில், பேய்களுக்குத் தப்பி ஓடும் புதிர்ப்பாதையில் பேக்-மேன் விழுங்க 240 சிறு புள்ளிகளும் பேய்களைத் திருப்பித் துரத்தும் வலிமை தரும் நான்கு பெரும் புள்ளிகளும் உள்ளன. அந்தப் புதிர்ப்பாதையை ஒரு மரப்பலகையின் மேல் எப்படிக் கொண்டுவருவது? வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிறிஸ்டியன் அதைச் சுருக்கிச் சுருக்கி, ஆடுதளத்தின் நடுவே ஐந்துக்கு ஐந்து என்ற விளக்குக் கட்டமாக ஆக்கினார். இலக்குகளைக் குண்டால் அடிக்க அடிக்கக் கட்டத்தில் நகர்வதற்கான வாய்ப்புகள் சேரும். பிறகு குண்டு அதற்குரிய குழியில் விழுந்ததும் மேசை அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது ஃபிளிப்பர் பொத்தான்களின் வேலை மாறிவிடுகிறது. குண்டைத் தட்டிய அதே விரல்கள் மஞ்சள் விளக்காகிவிட்ட பேக்-மேனை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துகின்றன. சிவப்பு விளக்கு பேய். சேர்த்துவைத்த நகர்வுகள் தீர்வதற்குள் எவ்வளவு விழுங்க முடியுமோ அவ்வளவு விழுங்கிவிட்டு, மீண்டும் குண்டுக்குத் திரும்ப வேண்டும்.

வெறும் 25 விளக்குகளால் ஆன பேக்-மேனா என்று முதலில் ஏளனமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில ஆட்டங்கள் ஆடிய பிறகே அதன் நுட்பம் பிடிபட்டது. மூல விளையாட்டில் நாம் செய்வது உண்மையில் ஒன்றே ஒன்று: ஒவ்வொரு முனையிலும், எந்தப் பக்கம் திரும்பினால் அதிகம் கிடைக்கும், எந்தப் பக்கம் பேய் இருக்கிறது என்று கணப்பொழுதில் முடிவெடுப்பது. மற்ற அழகுகளையெல்லாம் கழித்துவிட்டு அந்த முடிவை மட்டும் இந்தக் கட்டம் வடிகட்டி வைத்திருக்கிறது. அதோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தும் இருக்கிறது. திரையில் நகர்வு இலவசம். இங்கே ஒவ்வொரு நகர்வும் குண்டால் சம்பாதித்தது. கையில் நான்கு நகர்வுகளோடு குழிக்குள் போகலாமா, இன்னும் இரண்டு இலக்குகளை அடித்துவிட்டுப் போகலாமா என்ற தயக்கம் பேக்-மேனில் கிடையாது, சாதாரணப் பின்பாலிலும் கிடையாது. இரண்டும் கலந்ததால் மட்டுமே பிறந்த தயக்கம் அது. தழுவல் என்று சொல்லத் தகுந்த இடம் இதுதான்.

ஆட்டத்தின் தாளமும் இதனால் மாறுகிறது. குண்டு ஓடும்போது கை பரபரக்கிறது, மூளைக்கு வேலை குறைவு. குழியில் விழுந்ததும் கை ஓய்ந்து மூளை விழிக்கிறது. தேர்ந்த பின்பால் ஆட்டக்காரர்களில் சிலருக்கு இந்த இடைநிறுத்தம் பிடிப்பதில்லை. சூடு பிடித்த நேரத்தில் மேசை ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆடப்போவது தேர்ந்தவர்கள் மட்டுமல்லவே. குண்டைக் குறிபார்த்து அடிக்கத் தெரியாத விருந்தாளிக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் அந்தக் கட்டம் மூச்சு விட இடம் தருகிறது. நால்வர் வரை முறைவைத்து ஆடும்போது, காத்திருப்பவர்கள் அருகில் நின்று "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று கத்த முடிகிற பின்பால் மேசையை வேறெங்கும் நான் கண்டதில்லை. தயாரிக்கப்பட்டவை 10,600 என்பதால் இதுவும் அரிதான பொருள் அல்ல.

மூன்றாவதான பேபி பேக்-மேன், இவை இரண்டுக்கும் மேல் ஒரு படி துணிந்தது. இது பின்பால் மேசையா வீடியோ கேமா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. மேலே உண்மையான படக்குழாய்த் திரை, அதில் உண்மையான புதிர்ப்பாதை. கீழே, வழக்கமான நீளத்தில் பாதி அளவேயுள்ள குட்டி ஆடுதளம். திரையில் குழந்தை பேக்-மேன் வெறுங்கையோடு பிறக்கிறது. பேய்களைத் திருப்பித் துரத்தும் வலிமைப் புள்ளிகள் பாதையில் இல்லை. அவை வேண்டுமென்றால் புதிர்ப்பாதையின் அடிவாசல் வழியே இறங்க வேண்டும். உடனே திரை நின்று, கீழே குண்டு உயிர்பெறும். அங்கே இலக்குகளை அடித்து வலிமைப் புள்ளிகளைச் சம்பாதித்துக்கொண்டு மேலே திரும்ப வேண்டும். குண்டு தவறி விழுந்துவிட்டால் உயிர் போவதில்லை, ஆனால் அடிவாசல் சாத்தப்பட்டுவிடும். கையிலிருப்பதை வைத்துக்கொண்டு பேய்களோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கருத்தளவில் மூன்றிலும் இதுவே மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு விளையாட்டுகளை அருகருகே ஒட்டிவைக்காமல், ஒன்றின் பற்றாக்குறையை மற்றொன்று தீர்க்கும்படி பிணைத்திருக்கிறார்கள். ஆனால் ஆடிப் பார்த்தால் கல்நெஞ்சமுள்ள இயந்திரம் இது. பேய்கள் சிறிதும் இரக்கம் காட்டுவதில்லை. கீழேயுள்ள ஆடுதளம் குட்டையாக இருப்பதால் குண்டு மேலே போன வேகத்தில் திரும்பி வந்துவிடுகிறது. முதல் நாள் ஆர்வத்தோடு வருபவர் ஐந்து நிமிடத்தில் மூன்று ஆட்டங்களைத் தோற்றுவிட்டு நகர்ந்துவிடுவார். நாணயம் விழுங்கும் கடையில் அது வியாபாரத்துக்கு நல்லது. வீட்டு அறையில் நல்லதல்ல. நாம்கோவின் ஒப்புதல் இல்லாமல் மிட்வே தன் விருப்பத்துக்கு உருவாக்கிய பேக்-மேன் வாரிசுகளில் இதுவும் ஒன்று. இரு நிறுவனங்களின் உறவு கெட்டதற்கு அப்படிப்பட்ட துணிச்சல்களும் காரணம். தயாரிக்கப்பட்டவை 7,000.

இங்கே பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும், ஏனெனில் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய பொருளை வாங்குவது என்பது அதன் நோய்களையும் சேர்த்து வாங்குவதுதான். அக்காலப் பேலி மேசைகளின் பொது நோய், பின்பெட்டிக்குள் இருக்கும் கணினிப் பலகையில் பற்றவைக்கப்பட்ட நிக்கல்-காட்மியம் மின்கலம். அதிக மதிப்பெண்களை நினைவில் வைத்திருக்க உதவிய அந்தச் சிறு மின்கலம், ஆண்டுகள் போகப்போகக் கசிந்து சுற்றியுள்ள செம்புத் தடங்களைப் பச்சையாகவும் சாம்பலாகவும் அரித்துவிடும். பின்பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அரிப்பு முற்றியிருந்தாலும் கலங்க வேண்டியதில்லை, புதிதாகத் தயாரிக்கப்படும் மாற்றுப் பலகைகள் கிடைக்கின்றன. ஆனால் விலை பேசும்போது அந்தச் செலவைக் கழித்துப் பேச வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மதிப்பெண் காட்டும் செம்மஞ்சள் எண்களுக்குச் சுமார் 190 வோல்ட் மின்சாரம் போகிறது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் பின்பெட்டிக்குள் கை வைப்பவர்கள் ஒரு முறைக்கு மேல் அதைச் செய்வதில்லை.

இந்தப் பொது நோய்களைத் தவிர ஒவ்வொன்றுக்கும் தனி நோய் உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கவலைப்பட வேண்டியது பின்கண்ணாடி. கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்ட வண்ணம், விளக்குகளின் வெப்பத்தாலும் ஈரப்பதத்தின் ஏற்றஇறக்கத்தாலும் செதில் செதிலாக உரியும். ஒரு முறை விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய நிழற்படங்களை நம்பி நெடுந்தூரம் பயணம் செய்து போனேன். படங்கள் எல்லாம் விளக்கு அணைந்த நிலையில் நேரெதிரே நின்று எடுத்தவை. விளக்கைப் போட்டதும் அரக்கனின் தாடையிலும் தோளிலும் ஊசி ஊசியாக வெளிச்சம் கசிந்தது. ஓவியத்துக்காகவே வாங்கப்படும் மேசையில் ஓவியம் போய்விட்டால் மிஞ்சுவது என்ன? வெறுங்கையோடு திரும்பினேன்.

மிஸ்டர் அண்ட் மிஸஸ் பேக்-மேனில் கவனிக்க வேண்டியது அந்த விளக்குக் கட்டம். மற்ற மேசைகளில் ஆடுதளத்தின் விளக்கு ஒன்று எரியாவிட்டால் அழகு மட்டும் குறையும். இங்கே விளக்கு எரியாத கட்டத்துக்குள் நுழைந்தால் பேக்-மேனே காணாமல் போய்விடுவான். பெரும்பாலும் விளக்கில் குற்றமிருக்காது, துருப்பிடித்துத் தளர்ந்த விளக்குக் குழியில்தான் இருக்கும். குழியை மாற்றினால் சரியாகிவிடும். அடிக்கடி மாற்றுவானேன் என்று எல்இடி விளக்குகளைப் போடுபவர்கள் வேறொரு வம்பில் மாட்டிக்கொள்வார்கள். அக்காலப் பேலி மேசைகளில் விளக்குகளை இயக்குபவை தைரிஸ்டர் என்னும் மின்வாயில்கள். அவை திறந்தே இருக்க ஓரளவு மின்னோட்டம் தொடர்ந்து ஓட வேண்டும். பழைய இழை விளக்கு அந்த அளவை இழுக்கும். எல்இடி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் வாயில் மூடிமூடித் திறந்து, விளக்கு படபடக்கும். இணைத்தடை சேர்த்தோ, அதற்கென்றே செய்த துணைப்பலகையைப் பொருத்தியோ இதைச் சரிசெய்யலாம். மண்ணெண்ணெய் விளக்கின் நிறத்தில் மெல்ல ஒளிர்ந்து மெல்ல அணையும் இழை விளக்குகளே அந்தக் கட்டத்துக்கு அழகு என்பது என் கட்சி.

பேபி பேக்-மேனில் நோய்களின் எண்ணிக்கையே இரட்டிப்பு. பின்பாலுக்குரிய காந்தச் சுருள்கள், ரப்பர் வளையங்கள், தொடுமுனைகள் எல்லாம் ஒருபுறம். படக்குழாய், அதன் உயர் மின்னழுத்தச் சுற்று, வறண்டுபோன மின்தேக்கிகள், திரைக்கென்றே இருக்கும் தனிப் பலகை மறுபுறம். ஒரே புதிர்ப்பாதை பல்லாண்டுகள் ஒளிர்ந்ததால் அதன் கோடுகள் திரையில் நிரந்தரமாகப் பதிந்திருப்பதும் உண்டு. மின்சாரம் இல்லாதபோது சாய்வாகப் பார்த்தால் தெரியும். பின்பால் பழுது பார்ப்பவர்களுக்குப் படக்குழாயைத் தொடப் பிடிப்பதில்லை. திரை பழுது பார்ப்பவர்களுக்கு ஃபிளிப்பர் தெரிவதில்லை. இரண்டும் தெரிந்த ஒருவர் அருகில் இல்லையென்றால் இந்த மேசையை விரும்புவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றுக்குமே பொருந்தும் இன்னொரு செய்தி: அமெரிக்காவுக்காகத் தயாரிக்கப்பட்ட மேசையை 230 வோல்ட் நாட்டுக்குக் கொண்டுவருபவர், மின்மாற்றிக்கான ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும்.

மற்ற மேசைகளை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். வில்லியம்ஸ் நிறுவனம் 1982-இல் செய்த டிஃபெண்டர் மேசைகள் 369. அடுத்த ஆண்டு செய்த ஜௌஸ்ட் 402. இவையும் வீடியோ கேம்களின் பெயர் தாங்கியவைதான், ஆனால் இவ்வளவு குறைவாகச் செய்யப்பட்டதால் கிடைப்பதே அரிது. இருவர் எதிரெதிரே நின்று மோதும் ஜௌஸ்ட் அருமையான கற்பனைதான், ஆனால் இருபுறமும் ஆள் நிற்க இடம் வேண்டும், தனியே ஆடுபவருக்கு அது பாதி மேசை. காட்லீப் நிறுவனத்தின் கியூபர்ட்ஸ் குவெஸ்ட் 884 மட்டுமே. கியூபர்ட்டைப் பற்றி ஒரு கொசுறு: கட்டைகளால் ஆன பிரமிடில் குதித்தாடும் நாயகன் கியூபர்ட் அதிலிருந்து தவறி விழும்போது கேட்கும் அந்தத் "தொப்" ஒலிக்காக, 1982-ஆம் ஆண்டு வீடியோ கேம் பெட்டிக்குள்ளேயே பின்பால் மேசையின் தட்டுச் சுருள் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். தழுவல் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1984-இன் ஸ்பை ஹண்டரும், 1993-இன் "ஸ்ட்ரீட் ஃபைட்டர் II" மேசையும் தேடினால் கிடைக்கும். இரண்டுமே ஆடலாம், ஆனால் மூல விளையாட்டை மேசைக்குள் கொண்டுவரும் முயற்சியில் பேக்-மேன் தம்பதியை நெருங்குவதில்லை.

வாங்குமுன் ஆடிப்பார்க்க வாய்ப்பில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. விஷுவல் பின்பால் என்ற இலவச மென்பொருளும், மேசையின் மூல நிரலை அப்படியே இயக்கும் பின்மேமும் சேர்ந்தால் பழைய பேலி மேசைகளைக் கணினியில் ஆடலாம். குண்டின் எடையும் பெட்டியின் அதிர்வும் அதில் வராது, விதிகள் வரும். விதிகள் நமக்கு ஒத்துவருமா என்று ஒரு வாரம் ஆடிப்பார்த்து அறிந்துகொள்ள அது போதும். குறிப்பாக, விளக்குக் கட்டத்துக்காக ஆட்டம் நிற்பது எரிச்சலூட்டுகிறதா, இல்லையா என்பது அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். எரிச்சலூட்டினால் ஸ்பேஸ் இன்வேடர்ஸ்தான் உங்களுக்கு. பேபி பேக்-மேன், ஏற்கெனவே இரண்டு மூன்று மேசைகள் வைத்திருந்து, பழுதுபார்ப்பதிலும் இன்பம் காண்பவருக்கு.

ஒரே இடம், ஒரே மேசை, வீட்டில் எல்லோரும் ஆட வேண்டும் என்றால் என் தேர்வு மிஸ்டர் அண்ட் மிஸஸ் பேக்-மேன். பார்க்கப் போகும்போது விற்பவரிடம் ஒரு முழு ஆட்டம் ஆட நேரம் கேளுங்கள். குண்டு குழியில் விழுந்து கட்டம் விழித்ததும் மதிப்பெண்ணை மறந்துவிட்டு, நான்கு மூலைகளுக்கும் மஞ்சள் விளக்கை நடத்திச் சென்று பாருங்கள். எங்காவது இருட்டினால் அந்தக் கட்டத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு பின்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.